மலைமேல் போட்ட பருத்தி

நம் பள்ளிக்கூடச் செட்டு வாட்ஸப் குரூப்பில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். வேன் பிடித்துப் பச்சைமலைக்குப் போகிறோமாம். பெரம்பலூர் வெயிலுக்கு மலைமேல் ஏசி போட்ட மாதிரி இருக்குமாம். ஸ்வெட்டர் எடுத்து வரச் சொல்லி ஒருத்தி உத்தரவு போட்டிருக்கிறாள். டீச்சராக இருந்து ரிட்டயரான இன்னொருத்தி 'இயற்கை அன்னையின் மடி' என்று எழுதி நாலு பூப்படம் வேறு போட்டிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். குரூப்பில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

அந்த மடியில் நான் ஒரு வெள்ளாமைக் காலம் முழுக்கக் கிடந்திருக்கிறேன். நாலாவது படிக்கும்போது பாதி வருஷம் நான் பள்ளிக்கூடம் வரவில்லையே, ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள்காமாலை என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். காமாலையும் இல்லை, காத்துக் கருப்பும் அடிக்கவில்லை. எங்கள் அப்பாவுக்கு மலைமேல் பருத்தி போடும் ஆசை வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

எங்கள் ஊர் மலையடிவாரம் என்பது உங்களுக்குத் தெரியும். கரிசல் காடு. ஆவணி புரட்டாசியில் பருத்தி விதைத்து தை மாசியில் எடுப்போம். அதற்கு முந்தின வருஷங்களில் மழை நன்றாக ஏமாற்றியிருந்தது. சித்திரையில் மலைக்கோயில் திருவிழாவுக்குப் போன அப்பா, மேலே ஓடையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார். பலாமரம் அடியிலிருந்து நுனிவரை காய்த்திருப்பதைப் பார்த்தார். நடுப்பகலில் வேட்டி படபடக்கக் காற்று வாங்கினார். இறங்கி வந்து செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"தண்ணி கெடக்கு, மண்ணு கெடக்கு. சாமயும் மரவள்ளியும் போட்டு நெலத்த வீணடிக்கிறானுவோ. பருத்தி போட்டா அள்ளலாம்."

அவர் பார்த்தது சித்திரையில். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட ஒன்றுக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பார்கள். இவர் ஒரே ஒரு திருவிழா நாள் பார்த்துவிட்டு வருஷத்தையே எடை போட்டுவிட்டார். எங்கள் ஊரில் எல்லாருமே அப்படித்தான். மலைக்குப் போவது திருவிழாவுக்கு, இல்லையென்றால் வேண்டுதலுக்கு. கார்த்திகை மார்கழியில் அங்கே என்ன நடக்கிறது என்று ஏறிப் பார்த்தவன் எவனும் கிடையாது. மழை இருந்தால் பருத்தி வரும் என்பதுதான் அவர்களுடைய மொத்த விவசாய ஞானம். கீழே எப்போதும் குறைந்தது மழை மட்டும்தான், வெயில் ஒருநாளும் குறைந்ததில்லை. அதனால் வெயிலும் ஒரு கணக்கு என்பதே அவர்கள் புத்தியில் ஏறவில்லை.

மேலே ஒரு குடும்பத்தின் நிலத்தை, விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்குப் பேசி முடித்தார். அந்த நிலத்துக்காரம்மா, "நாங்க பருத்தி போட்டுப் பாத்ததில்லீங்க, வருமோ வராதோ" என்றாளாம். அப்பா அதை ஊர் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது யார் மேலே போவது என்ற கேள்வி வந்தது. அப்பாவுக்குச் சோறாக்க வேண்டும். பன்றியும் குரங்கும் அழிக்காமல் காவல் இருக்க வேண்டும். அம்மா கீழே மாட்டையும் மிச்சமிருந்த காட்டையும் பார்த்தாக வேண்டும். அண்ணன் ஒன்பதாவது. "ஆம்பளப் புள்ள படிப்பு கெட்டுடக் கூடாது" என்று அப்பா ஒரே வரியில் அவனை விட்டுவிட்டார். அண்ணனுக்குப் பூகோளத்தில் வங்காளத்துக்கும் எங்கள் ஊர்ப் பக்கத்து வடகாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பெண்கள் பள்ளியில் வகுப்புக்கே முதல் ஆள். அவளைத்தான் கூப்பிட்டார். அவளுக்குத் துணையாக என்னை.

அம்மா அப்பாவிடம் வாதாடிப் பார்த்தாள், நடக்கவில்லை. டவுனுக்குப் பஸ் ஏறிப் போய்த் தலைமையாசிரியையிடம் அழுதாள். அந்தம்மா இரக்கமுள்ளவர். பொங்கல் கழிந்ததும் பரீட்சைக்குப் பேர் அனுப்புவோம், அதற்குள் பெண் வந்து வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் எழுத விடுகிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றாராம். அதைக் கேட்டு அப்பா பெருந்தன்மையாக அக்காவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்.

"மார்கழில வெடிச்சிரும். வெடிச்ச மறுநாளே நீ ஸ்கூலுக்குப் போம்மா. நானே கொண்டாந்து வுடுறேன்."

அக்கா நம்பினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அக்காவின் படிப்பு என்றால் பருத்தி வெடிப்பது என்று ஆகிவிட்டது.

ஆடியில் ஏறினோம். அப்போது ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதை. அப்பா முன்னால் கலப்பைக் கொழுவோடு போனார். நான் தூக்குவாளியோடு நடுவில். அக்கா தன் அலுமினியப் புத்தகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். மூலையில் கொஞ்சம் நசுங்கிய பெட்டி. மூடியில் அவள் பேரை ஆணியால் கீறியிருந்தாள்.

அடிவாரத்தில் கள்ளியும் காரையும் சூரைமுள்ளும். பாவாடையைப் பிடித்துப் பிடித்து இழுத்தன. கொஞ்சம் ஏறியதும் முள் குறைந்தது. நெல்லியும் உசிலையும் மூங்கிலும் வந்தன. இன்னும் ஏற ஏறக் காற்றில் ஈரவாசம். மரத்தின் உடம்பில் பாசி, ஓடைக்கல் இடுக்கில் பெரணி, நாவல், காட்டுமா, பலா. அக்கா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாருடி, பாடத்துல இருக்கறது அப்படியே இருக்கு. ஒசரம் கூடக் கூட சூடு கொறையும். சூடு கொறையக் கொறைய மரம் மாறும். நாம நடந்தே ரெண்டு மூணு ஊரு தாண்டிட்டோம்."

எனக்கு அது விளையாட்டாக இருந்தது. முள்ளூர், மூங்கிலூர், பலாவூர் என்று பேர் வைத்தேன். அவள் பலாவூரை எட்டியதும் பெட்டியை இறக்கிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். பருத்தி முள்ளூர்ப் பயிர் ஆயிற்றே, இங்கே குளிருமே, வெடிக்குமா அப்பா என்றாள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"புஸ்தகத்துல இருக்கறதெல்லாம் இமயமலைக்கு. இது நம்ம மலை."

இந்த ஒரு வாக்கியத்தை நான் இத்தனை வருஷமாக நெஞ்சில் முள்ளாக வைத்திருக்கிறேன். நம்ம மலை என்பதால் வெயில் சலுகை காட்டுமா? மேகம் நமக்குப் பங்காளியா?

சாமைக்காட்டை உழுது பருத்தி போட்டார்கள். முளைத்தது. சும்மா சொல்லக்கூடாது, வளர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு வளர்ச்சி. கீழே இடுப்புயரம் வந்தாலே பெரிய பேச்சு. மேலே அக்காவின் தோளைத் தொட்டது. இலை அகலம் அகலமாகக் கருகருவென்று இருந்தது. ஐப்பசியில் மஞ்சள் பூ. அப்பா ஒரு செடியைப் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டு கீழே போய் டீக்கடையில் காட்டிவிட்டு வந்தார். ஊரே வாயைப் பிளந்ததாம். வரும் வருஷம் தாங்களும் ஏறுகிறோம் என்று ரெண்டு பேர் சொல்லிவிட்டார்களாம். செடி ஏன் இவ்வளவு இலை விடுகிறது, காய் ஏன் மெதுவாகப் பிடிக்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்ட ஒருத்தி சோறாக்கிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் மேகம் இறங்கியது. நீங்கள் 'மிஸ்ட்' என்று போட்டோ எடுக்கப்போகிறீர்களே, அதுதான். காலையில் குடிசைக்குள் வந்து உட்கார்ந்தால் பத்துப் பதினோரு மணிவரை எழுந்து போகாது. விறகு எரியாமல் அழுது வழியும். புகையில் அக்காவின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். துணி காயாது. ஒரே கம்பளி, அது ஆட்டு நாற்றமும் ஈர நாற்றமும் அடிக்கும். அதைப் போர்த்துவது அப்பா. நாங்கள் சாக்குக்குள் காலை விட்டுக்கொண்டு ஒட்டிப் படுப்போம். எனக்குக் கன்னமெல்லாம் வெடித்துவிட்டது. பருத்தியைத் தவிர அங்கே எல்லாம் வெடித்தது.

அக்கா தினமும் காலையில் வயலுக்குள் போவாள். ஒவ்வொரு செடியாக நின்று காயை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பாள். பச்சையாக, கல்லாக, ஜில்லென்று இருக்கும். சிலது அடிப்பக்கம் கறுத்திருக்கும். அதை உரித்தால் உள்ளே பஞ்சு நசநசவென்று மஞ்சளாக, புளித்த வாசத்தோடு கிடக்கும். அவள் அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததைத் தொடுவாள். நான் பின்னாலேயே போவேன். "இன்னக்கி?" என்று கேட்பேன். "இல்லடி" என்பாள். மார்கழி அப்படியே போய்க்கொண்டிருந்தது.

அம்மா அரிசி கொண்டு மலையேறி வந்தபோது ஒரு சேதி சொன்னாள். கீழே எங்கள் காட்டில், ஆவணியில் விதைத்த பருத்தி வெடிக்க ஆரம்பித்துவிட்டதாம். அக்கா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள். மேலே விதைத்தது ஆடியில். பின்னால் விதைத்தது முந்திவிட்டது.

அன்று அக்கா ஒரு வேலை பண்ணினாள். முற்றின காயாகப் பார்த்துக் காம்போடு பறித்தாள். மூன்று பங்காகக் கட்டினாள். ஒன்றை எங்கள் குடிசைக் கூரைமேல் வைத்தாள். மற்ற இரண்டையும் அம்மாவிடம் கொடுத்து, இறங்கும்போது ஒன்றை மூங்கில் முடிகிற இடத்தில் நெல்லிமரக் கிளையில் கட்டிவிடு, இன்னொன்றை நம் வீட்டு வாசலில் வெயிலில் போட்டு வை என்றாள். அம்மா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிவிட்டாள். அந்த வீட்டில் அக்கா சொன்னதைச் சொன்னபடி செய்தது அம்மா ஒருத்திதான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அம்மா திரும்ப வந்தாள். வாசலில் போட்டதோடு, வரும் வழியில் நெல்லிமரத்தில் கட்டியிருந்ததையும் அவிழ்த்து எடுத்து வந்தாள். அக்கா மூன்றையும் ஒரு முறத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கூரைமேல் இருந்தது அப்படியே பச்சைக்கல். நெல்லிமரத்தில் இருந்தது வாயை லேசாகத் திறந்திருந்தது. வாசலில் கிடந்தது நன்றாக விரிந்து பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் குதிக்க வேண்டும் போல இருந்தது.

அக்கா முறத்தை அப்பா முன்னால் வைத்து நிதானமாகச் சொன்னாள்.

"அப்பா, தப்பு செடியில இல்ல, மண்ணுலயும் இல்ல. இந்த ஒசரத்துல பருத்திக்குச் சூடு பத்தாது. மாசி போனாலும் இங்க வெடிக்காது. இதுக்காக நான் காத்துக்கிட்டு இருக்கறதுல அர்த்தமில்ல. பொங்கலுக்கு அம்மாகூட நான் எறங்கிடுறேன்."

அப்பா முறத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வெடித்த காயை எடுத்துப் பஞ்சை இழுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அக்காவுக்கும் வந்தது. நான் அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ஒண்ணு பண்ணு" என்றார். "எல்லாக் காயையும் பறிச்சு மூட்ட கட்டு. கீழ கொண்டுபோயி பாறையில காயப் போட்டா வெடிச்சிரும்."

அம்மா, அவளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஆரம்பித்தாள். அப்பா, பறிக்க ஆள் யார், கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுமா, வெடித்ததும் போகச் சொல்லித்தானே இருக்கிறேன், இன்னும் வெடிக்கவில்லையே என்றார். பேச்சுத் தவறாத மனுஷன் பாருங்கள்! அவள் தன்னை விடுவித்துக்கொள்ளக் கண்டுபிடித்ததை வைத்தே அவள் காலைக் கட்டினார்.

அக்கா அழுதாளா என்று கேட்பீர்கள். இல்லை. முறத்தை எடுத்துக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் பறிக்க ஆரம்பித்தோம்.

பனியில் நனைந்த காயைப் பறித்துப் பறித்து விரல்நுனி மரத்துப்போகும். காம்பு கீறிய இடத்தில் எரியும். மூட்டை மூட்டையாகக் கட்டி பலாவூர் தாண்டி, மூங்கிலூர் தாண்டி, முள்ளூருக்கு இறக்கினோம். இறங்க இறங்க முதுகில் வெயில் ஏறும். கீழே வந்து மூட்டையை அவிழ்த்தால் பாதிக் காய் வழியிலேயே புழுங்கிப்போயிருக்கும். பொங்கல் வந்தது, போனது. டவுனிலிருந்து ஒரு பிள்ளை மூலம் சேதி வந்தது, பேர் அனுப்பியாகிவிட்டது, அக்கா பேர் அதில் இல்லை என்று. அக்கா அப்போது அம்மாவோடு சேர்ந்து காயைக் கிளறிக்கொண்டிருந்தாள். சரி என்று மட்டும் சொன்னாள்.

பங்குனியிலும் காய் காய்ந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பெரிய பாறை உண்டே, அதன்மேல்தான் பரப்பியிருந்தோம். தினம் மத்தியானம் பஸ் வரும். பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் அட்டையும் பேனாவுமாக இறங்குவார்கள். அக்கா அந்த நேரம் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு குனிவாள்.

ஒரு நாள் அக்காவின் சிநேகிதி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பாறைக்கு ஏறி வந்தாள். அக்காவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண். முகமெல்லாம் பூரிப்பு.

"அந்த மலைப்பாடந்தாண்டி பெரிய கேள்வியா வந்துச்சு. ஒசரத்துக்குத் தக்கன தட்பவெப்பமும் மரஞ்செடியும் எப்படி மாறுதுன்னு. நீ அன்னக்கி சொல்லிக் குடுத்தியே, அப்படியே எழுதிட்டேன்."

அவளுக்கு ஒன்றும் கெட்ட எண்ணம் இல்லை. சந்தோஷத்தில் வந்து சொன்னாள். அக்கா நிமிர்ந்து, படம் போட்டாயா என்று கேட்டாள். மலை வரைந்து அடுக்கு அடுக்காகக் கோடு போட்டேன் என்றாள் அவள். நல்லா எழுதியிருக்கே என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி குனிந்து காயைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள். பாறைச் சூட்டில் அவள் உள்ளங்காலை மாறி மாறித் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் கைக்குக் கீழே காய்கள் டப்டப்பென்று வெடித்துக்கொண்டிருந்தன.

அந்தப் பஞ்சு என்ன ஆயிற்று என்று கேட்கவேண்டாமா? மஞ்சள் பூத்து, பிசுபிசுப்பாக, கறை கறையாக இருந்தது. வியாபாரி மூட்டையில் கையை விட்டு எடுத்து மோந்து பார்த்துவிட்டு மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டான். அப்பா மலைக்காரர்கள் மண்ணைக் கெடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றார். அந்தக் குடும்பம் அடுத்த ஆடியில் பழையபடி சாமையைப் போட்டு அறுத்தது.

பள்ளிக்கூடம் திறந்தபோது அக்கா திரும்பச் சேரட்டும் என்றாள் அம்மா. விட்ட படிப்பு விட்டதுதான், இனிமேல் சின்னப் பிள்ளைகளோடு உட்காருவாளா என்றார் அப்பா. அதற்கடுத்த வைகாசியில் செந்துறைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார். அங்கே அவர்களுக்கும் பருத்திக்காடு. அக்கா போய் இறங்கிய முதல் வருஷமே வெள்ளை வெளேரென்று வெடித்ததாம். அங்கே வெயிலுக்கு ஒரு நாளும் பஞ்சமில்லை. அலுமினியப் பெட்டியை அண்ணன் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோனான். மூடியில் இருந்த அக்கா பேரை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டுக் கொண்டுபோனான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவின் கருமாதியன்று பந்தலில் உட்கார்ந்து அண்ணன் அப்பாவின் பெருமையை எடுத்துவிட்டான். மலைமேல் பருத்தி வெடிக்காமல் போனபோது, கீழே கொண்டுவந்து காய வைத்தால் வெடிக்கும் என்று அப்பா கண்டுபிடித்தாராம். படிக்காத மனுஷனுக்கு என்ன மூளை என்று கேட்டு உச்சுக்கொட்டினார்கள் அத்தனை பேரும். அந்தக் கதையை அப்பாதான் வருஷக்கணக்கில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அக்கா அங்கேதான் வந்தவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அது அக்கா கண்டுபிடித்தது என்றேன். அண்ணன், செத்தவர் வீட்டில் சண்டையா என்றான். பெரியவர்கள் என்னை உட்காரச் சொன்னார்கள். அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

ஏன் வேண்டாம்? எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவளை விட்டுப் போன கோபமெல்லாம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது போல.

நேற்று அக்காவுக்குப் போன் பண்ணி உங்கள் டூர் கதையைச் சொன்னேன். நீயும் வருகிறாயா, ஸ்வெட்டர் நான் கொண்டுவருகிறேன் என்று வேண்டுமென்றே சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். முழங்கால் வலிக்கிறது, நீ போய்விட்டு வா என்றாள். வைக்கப்போனவள் சட்டென்று கேட்டாள்.

"மேல நம்ம காட்டுல இப்ப என்ன போட்டிருக்காங்களாம்?"

மரவள்ளிதான் என்று கேள்விப்பட்டேன், ஓரத்தில் பலா நிற்கிறதாம் என்றேன்.

பின்னால் அவள் வீட்டு மாடு கத்துவது கேட்டது.

"அதான் அந்த ஒசரத்துல வரும்" என்றாள் அக்கா. "நான் அப்பவே சொன்னேன்ல."